நாளைக்குக் குளிக்கலாமோ?

எக்ஸ்றே பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒன்றை உறுதியாக நம்பியிருந்தேன். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றுபோனால், மெசினிலிருந்து புறப்பட்ட கதிர் மற்றப் பக்கத்தால் வெளியே வராமல் ஆளின் உடம்புக்குள்ளேயே நின்றுவிடும் என்பதுதான் அது. பயிற்சியில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன். விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறைக்குள் தங்கி நிற்பதில்லை என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கதிர் என்பது வெளிச்சத்தைவிடப் படித்த சாமான், அது வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்திருந்தேன்.

பென்சன் எடுத்துக்கொண்டு நான் வீட்டில் இருப்பது இப்போது கொஞ்சக் காலமாகத்தான். தலைமயிர் இன்னும் முழுக்க நரைக்கவில்லை. ஆனாலும் பயிற்சி முடித்து வருகிற தம்பி தங்கச்சிமார் நீங்கள் வந்து, எந்த மெசினில் என்ன தெரியும், எது நல்லது என்று கேட்கிறீர்கள். கொழும்பில் ஒலி அலையால் வயிற்றைப் படம் எடுக்கிறார்களாம். வெளிநாட்டில் மண்டையைப் பாண் மாதிரித் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும் மெசின் இருக்கிறதாம். ஆளை வெட்டுவதில்லை, படத்தைத்தான். இதையெல்லாம் நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

எங்கள் காலத்தில் நோயாளிக்குக் கிடைத்தவை சொற்பம். எலும்புக்கும் நெஞ்சுக்கும் சாதாரணப் படம். அதற்கு மேல் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே இருட்டறையில் ஆளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, நெஞ்சு அசைவதை டொக்டர் நேரில் பார்ப்பார். இருட்டுக்குக் கண் பழக வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு நோயாளர் படுக்கிற வாட்டெல்லாம் உலாவுவார். முதல்நாள் அவருக்குக் கண்நோய் என்று நினைத்து நான் எட்டி நின்றே பேசினேன். குடல் பார்ப்பதென்றால் பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கக் கொடுப்போம். சனத்துக்கு விளங்கட்டும் என்று அதற்குக் 'கூழ்' என்று பெயர் வைத்தது என் புத்தி. பனங்கிழங்கு மாவும் மீனும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழ் குடித்து வளர்ந்த சனம் அது. ஒரு அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இதுக்கை நண்டு போட மறந்திட்டியளோ?" என்று கேட்டா. அதற்குப் பிறகு மருந்து என்றே சொல்லிக் கொடுத்தேன்.

பெரியாஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் இருந்தபின் என்னைத் தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள். பெயர் வேண்டாம். சாதாரணப் படம் எடுக்கிற ஒரே ஒரு மெசின், அதற்கு ஒரு ஜெனறேற்றர், இரண்டுக்கும் சேர்த்து நான். நான் வலிகாமத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. வெங்காயம், புகையிலை பற்றிக் கேட்டால் சொல்வேன். கடலைப் பஸ் யன்னலால்தான் பார்த்திருந்தேன். இப்போது சொல்லப்போகிற விசயத்துக்கு இது முக்கியம்.

ஒருநாள் பின்னேரம் சவிரிமுத்து என்று ஒருவர் நெஞ்சுப் படத்துக்கு வந்தார். கரம்பொன் பக்கத்துக் கரையைச் சேர்ந்தவர், முப்பத்தைந்து வயது மதிக்கலாம், கறுத்து இறுகிய உடம்பு. ஆஸ்பத்திரித் துண்டில் 'கடற்றொழில்' என்று எழுதியிருந்தது.

"என்ன அண்ணை செய்யுது?"

"ஒண்டுமில்லைத் தம்பி. வள்ளம் தள்ளேக்கை இதிலை ஒரு பிடிப்புப் பிடிச்சுது. மனிசிதான் போய்க் காட்டுங்கோ எண்டு நிண்டு பிடிக்கிறாள்."

வலது விலாவைத் தொட்டுக் காட்டினார். நான் அவருடைய நெஞ்சைப் பிலிம் பெட்டியோடு ஒட்ட வைத்து, நாடியைப் பெட்டியின் மேல் விளிம்பில் தூக்கி வைத்து, கைகளை இடுப்பில் வைத்து, முழங்கைகளை முன்னுக்குத் தள்ளிவிட்டேன்.

"மூச்சை நல்லாய் இழுத்துப் பிடியுங்கோ. நான் சொல்லுமட்டும் விடக்கூடாது."

தடுப்புக்குப் பின்னால் போய் மெசினை இயக்கும் ஆளியை அமத்தினேன். அந்த நேரம் பார்த்து ஜெனறேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்த அறை. ஒன்றும் தெரியவில்லை. கதிர் புறப்பட்டது எனக்குத் தெரியும். வந்து சேர்ந்ததா என்பதுதான் தெரியாது.

"அண்ணை?" என்றேன்.

பதில் இல்லை.

"சவிரியண்ணை?"

இல்லை. தடவித் தடவிப் போய்க் கதவைத் திறந்தேன். வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடியே நின்றார். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. நெஞ்சு அசையவில்லை. கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது.

நான் ஓடினேன். நடைபாதையில் யாரையோ இடித்தேன். யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த ஆஸ்பத்திரி டொக்டர் வெளிநோயாளர் பகுதியில் ஒரு பிள்ளையின் காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கதிர் உள்ளுக்கை நிண்டிட்டுது."

"எதுக்குள்ளை?"

"ஆளுக்குள்ளை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளையின் மற்றக் காதையும் பார்த்து முடித்தார். பிறகு எழும்பி நடந்து வந்தார். ஓடவில்லை. டொக்டர் ஓடினால் வாட்டும் சேர்ந்து ஓடும் என்பது அவருடைய கொள்கை. எனக்கோ அந்த நடையின் ஒவ்வொரு அடியும் ஒரு கொலை மாதிரி இருந்தது.

சவிரிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். சவிரிமுத்துவின் கண் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது.

"நீர் இவருக்கு என்ன சொன்னனீர்?" என்று டொக்டர் கேட்டார்.

"மூச்சைப் பிடிக்கச் சொன்னனான்."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் சொல்லேல்லை."

"இப்ப சொல்லும்."

"விடுங்கோ அண்ணை."

லொறி ரயருக்குக் காற்றுத் திறந்த மாதிரி ஒரு சத்தம். சவிரிமுத்து சாவகாசமாக மூச்சு விட்டார். "சரியோ தம்பி? வேணுமெண்டால் இன்னும் கொஞ்சம் நிண்டிருப்பன்" என்றார்.

இவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கிற மனிதர் என்ன தொழில் செய்வார் என்று அந்த இடத்தில் ஒரு கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரையோரத்துக் காற்று நல்ல காற்றாக்கும் என்று நினைத்தேன்.

டொக்டரைப் பிள்ளைப்பேற்று வாட்டிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார். ஜெனறேற்றரைத் திரும்ப ஓடவைத்தார்கள். புதிய பிலிம் போட்டு ஆளை நிறுத்தினேன். இந்த முறை விடச் சொல்ல மறக்கக்கூடாது என்பது ஒன்றே மண்டைக்குள் நின்றது. அதனால் "இழுங்கோ, பிடியுங்கோ" என்று சொன்ன கையோடு "விடுங்கோ" என்றும் சொல்லிவிட்டு, அவர் சொன்னபடி முழு மூச்சையும் விட்டு முடித்தபின் ஆளியை அமத்தினேன். நெஞ்சுப் படம் முழு மூச்சில்தான் எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

அவர் கழற்றி வைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"தம்பி, நாளைக்குக் குளிக்கலாமோ?"

எங்கள் ஊரில் காய்ச்சலோ நோவோ வந்தால் முதலில் நிறுத்துவது குளிப்பைத்தான். வந்தவர்கள் மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு கடைசியாகக் கேட்பதும் இதுதான். நூறு பேருக்குச் சொன்ன பதிலை அவருக்கும் சொன்னேன்.

"ஓம் அண்ணை, தாராளமாய்க் குளியுங்கோ."

அவருடைய முகம் மலர்ந்தது. "மெய்யாத்தானோ? மனிசி நம்பமாட்டாள்."

"நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

பிலிமைக் கழுவிப் பார்த்தபோது நுரையீரல் சுருங்கி, மூச்சு விட்ட படமாக இருந்தது. குப்பையில் போடலாம் என்று கை போனது. ஆனால் ஒரே நாளில் இரண்டு பிலிமை வீணாக்கியதற்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. காயட்டும் என்று கொழுவிவிட்டேன்.

மறுநாள் காலை டொக்டர் அதை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இது மூச்சு விட்ட படம் எல்லோ?"

"ஓம் ஐயா. ஆளைத் திரும்பக் கூப்பிட்டு வேறை ஒண்டு எடுக்கிறன்."

"பொறும்."

படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு என்னைக் கிட்ட இழுத்து விரல் நுனியால் காட்டினார். வலது பக்கத்தில், விலாவுக்கு உள்ளே, மயிர்போல ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே வெறும் கறுப்பு.

"இதுதான் நுரையீரலின்ரை ஓரம். இதுக்கு வெளியிலை நிக்கிறது காத்து. நுரையீரல் கசிஞ்சு, காத்து நெஞ்சுக் கூட்டுக்கை நிக்குது. கொஞ்சம்தான். நீர் முழு மூச்சிலை எடுத்திருந்தால் நான் இதைக் காணாமல் விட்டிருப்பன்."

பாராட்டா, ஏச்சா என்று விளங்காமல் நான் நின்றேன்.

"ஆளைக் கூப்பிடும். ஆள் என்ன தொழில்?"

"கடற்றொழில் ஐயா."

வாட்டில் உதவியாளாக வேலை செய்த பிலோமினாக்கா நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தா. அவவும் அந்தக் கரை ஆள்தான். தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "சவிரியோ? அவன் சங்கு குளிக்கிறவன். கடல் அடங்கிக் கிடக்கு. இப்ப எல்லாரும் குளிக்கப் போற நாள்."

முத்துக் குளித்தல் என்ற பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். குளித்தல் என்றால் சவர்க்காரம் போடாத குளிப்பும் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயா," என்றேன், "நேற்று அவர் குளிக்கலாமோ எண்டு கேட்டவர்."

"நீர்?"

"தாராளமாய் எண்டனான்."

டொக்டர் படத்தை மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. "அந்தக் காத்தோடை தண்ணிக்குக் கீழை போய் மூச்சைப் பிடிச்சு முக்கினால் கசிவு பெருக்கும். மேலை வரேக்கை காத்து விரிஞ்சு நெஞ்சை அமத்தும். ஆள் மேலை வந்து சேராது" என்றார்.

அம்பியுலன்ஸ் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு யாழ்ப்பாணம் போயிருந்தது. என்னிடம் சைக்கிள் இருந்தது.

"நீர் போய் மறியும். நான் இஞ்சை ஆயத்தமாய் நிக்கிறன். ஆளைக் கண்டால் ஓடவிடாதையும், பாரம் தூக்கவிடாதையும், சைக்கிளிலை ஏத்தி உழக்கவிடாதையும். கார் பிடிச்சுக் கொண்டுவாரும். முக்கியமாய், நீர் பதறி அந்தாளையும் பதறவைக்காதையும்."

கடைசிப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்து சைக்கிளை உழக்கினேன். கரைக்குப் போனபோது வள்ளங்கள் போய்விட்டிருந்தன. தூரத்தில் நாலைந்து புள்ளிகள். கரையில் கருவாடு காயவைத்த பெண்கள், கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த சந்தியாப்பிள்ளை என்ற முதியவர்.

"சங்கு குளிக்கிற ஆக்கள் கடலுக்குப் போட்டினமோ?"

"விடியவே போட்டாங்கள். ஏன் தம்பி?"

நான் அவருக்குப் பதில் சொல்லாமல் கடலைப் பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, "குளிக்காதையுங்கோ! சவிரியண்ணை, குளிக்காதையுங்கோ!" என்று கத்தினேன்.

கருவாட்டுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி," என்றார் சந்தியாப்பிள்ளை, "அவங்கள் எப்பவோ நனைஞ்சிருப்பாங்கள்."

"ஆஸ்பத்திரியிலை தண்ணி முடிஞ்சுபோச்சோ?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

விசயத்தைச் சொன்னேன். சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. சந்தியாப்பிள்ளை வலையைப் போட்டுவிட்டு எழும்பி, யாரையும் கேட்காமல் ஒரு சிறு வள்ளத்தைத் தள்ளினார். இரண்டு பெண்கள் வந்து கை கொடுத்தார்கள். நானும் தள்ளினேன், தள்ளி விழுந்தேன், என்னைத் தூக்கி உள்ளே போட்டார்கள்.

கடல் அடங்கிக் கிடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். என் வயிற்றுக்கு அது தெரியவில்லை. வழி முழுக்க வாந்தி எடுத்தேன். இடையிடையே சந்தியாப்பிள்ளை "தம்பி, மற்றப் பக்கத்தாலை எடும், காத்து இஞ்சாலை" என்று மட்டும் சொன்னார்.

சங்கு வள்ளங்களுக்குக் கிட்டப் போனபோது குளிக்கிறவர்கள் ஒருவரும் தண்ணீருக்கு மேலே இல்லை. கயிறுகள் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தன. பிறகு ஒரு தலை கிளம்பியது. சவிரிமுத்து இல்லை. இன்னொன்று. இல்லை. மூன்றாவது கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் முழுவதும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சந்தியாப்பிள்ளை முதுகில் தட்டியபோதுதான் தெரிந்தது. மூன்றாவதாகக் கிளம்பிய தலையும் அவரில்லை.

வள்ளத்தில் இருந்த சம்மாட்டியார், அதாவது தொழில் நடத்துகிற முதலாளி, எங்களைப் பார்த்து, "என்ன, டொக்டர்மாரும் குளிக்க வெளிக்கிட்டினமோ?" என்றார்.

"சவிரி எங்கை?" என்று சந்தியாப்பிள்ளை கேட்டார்.

"வரேல்லை. வாறன் எண்டவன் வரேல்லை. கொஞ்சநேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டு வந்திட்டம்."

ஒரு ஆள் வருகிறேன் என்று சொல்லி வராமல் இருப்பதற்கு நூறு காரணம் இருக்கலாம். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஆள் இரவே செத்துப்போய்விட்டார்.

கரைக்கு வந்ததும் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். பனைமட்டை வேலி, அதில் ஒரு படலைக் கதவு. படலைக்குக் கிட்டப் போகும்போதே உள்ளே ஒரு பெண்ணின் குரல் உரத்துக் கேட்டது. வெளியிலேயே நின்றேன். செத்த வீட்டில் முதல் ஆளாகப் போய் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஆளுக்கு நுரையீரலில் ஓட்டை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றா?

குரல் தெளிவாகக் கேட்டது.

"சீசன் நேரத்திலை வள்ளம் போனாப்பிறகு எழும்பிற மனிசனை இந்தக் கரையிலை ஆர் கண்டது? பொழுதுபட்ட நேரத்திலை சுடுதண்ணியிலை குளிச்சால் இப்பிடித்தான் அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை வரும். எந்த விசரன் உங்களைக் குளிக்கச் சொன்னவன்?"

படலையைத் திறந்தேன்.

"நான்தான் அக்கா."

முற்றத்தில் சவிரிமுத்து தேத்தண்ணிக் கோப்பையோடு குந்தியிருந்தார். அவருடைய மனைவி செலஸ்தீனா இடுப்பில் கை வைத்து நின்றா. வாந்தி பட்ட வெள்ளைக் கோட்டோடும் தொப்பலாக நனைந்த காற்சட்டையோடும் நான் நின்றேன்.

"நீங்கள் கேட்டது கிணத்திலை குளிக்கிறதையோ?" என்றேன்.

"வேறை எங்கை? மனிசி மூண்டு நாளாய் மேலிலை தண்ணி தொடவிடேல்லை. உடம்பெல்லாம் உப்பு. நாளைக்கு எண்டுதான் கேட்டனான், நீர் தாராளமாய் எண்டீர். பிறகேன் நாளைமட்டும் பாத்திருப்பான், நேற்றே குளிச்சன்."

"நான் நினைச்சன், நீங்கள் சங்கு குளிக்கிறதைக் கேட்டனீங்களாக்கும் எண்டு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, கடலுக்குப் போறதை நான் உம்மட்டைக் கேக்கிறதோ? அது சம்மாட்டியாரட்டைக் கேக்கிற விசயம்."

படத்தில் கண்டதைச் சொன்னேன். பதறாமல் சொன்னேன், பதற இன்னும் மிச்சம் இருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குத் தவறாமல் போக இருந்ததாகச் சொன்னார். சீசன் போனால் இனி அடுத்த வருசம்தான் என்றும் சொன்னார். செலஸ்தீனா உள்ளே போய்த் தோய்த்த வேட்டியும் சேட்டும் எடுத்து வந்து அவருடைய மடியில் வைத்தா.

"இது ஆர் சொன்னது, நீரோ, டொக்டரோ?" என்று அவர் கேட்டார்.

"டொக்டர்."

"அப்ப வாறன்."

சந்தியிலிருந்து வாடகைக் கார் பிடித்தேன். அவரை முன்னுக்கு நிமிர்ந்து இருக்கவைத்து, நானும் செலஸ்தீனாவும் பின்னுக்கு இருந்தோம். டொக்டர் வாசலில் நின்றார். அன்று மத்தியானமே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

தம்பி தங்கச்சிமார், பிழையாய்ப்போன படம் என்று ஒன்றையும் டொக்டர் பார்க்குமுன் எறியாதீர்கள். நோயாளி கேட்கிற கேள்விக்கு, நேற்று வந்தவனுக்குச் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். எந்த மெசினுக்கும் இது பொருந்தும். மற்றபடி என் ஓட்டத்தையும் கத்தலையும் வாந்தியையும் பற்றி அந்தக் கரையில் பலவிதமாகக் கதைத்தார்கள். ஒரு ஆளின் உயிரைக் காப்பாற்றியவன் என்றும் சிலர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சவிரிமுத்துவின் வலது நுரையீரல் கசிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் விலாவுக்குள் குழாய் போட்டுக் காற்றை எடுத்தார்கள், நுரையீரல் விரிந்தது. திரும்பி வந்தபின் அவர் சங்குக்குப் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வலை கட்டி இறால் பிடித்தார். அன்று காலை அவரைக் கடலுக்குப் போகாமல் நிறுத்தியது நானில்லை. முதல்நாள் சுடுதண்ணியில் குளித்த மனிதர் அயர்ந்து தூங்கிவிட்டார்.